தோற்றவன் கையில் இருக்கும் சாவி

ஒரு பெரிய மண்டபம். அமெரிக்க நாட்டின் செனட் சபை, பிரதிநிதி சபை இரண்டையும் சேர்ந்த அங்கத்தினர்கள் கூடியிருக்கிறார்கள். உயர்ந்த ஆசனத்தில் ஒருவர் கையில் சுத்தியலுடன் உட்கார்ந்திருக்கிறார். மாகாணம் மாகாணமாக உறைகள் பிரிக்கப்படுகின்றன. உள்ளே இருப்பதைப் படிக்கிறார்கள், குறித்துக்கொள்கிறார்கள், கூட்டுகிறார்கள். கடைசியில் ஆசனத்தில் இருப்பவர் கூட்டுத்தொகையை வாசிக்கிறார். ஒருவருக்கு 271. இன்னொருவருக்கு 266. அந்த 266-ஐப் பெற்றுத் தோற்றுப் போனவர் வேறு யாரும் இல்லை, வாசித்துக்கொண்டிருப்பவரேதான்.

2001-ஆம் வருஷம் ஜனவரி 6-ஆம் தேதி வாஷிங்டனில் நடந்தது இது. தோற்றவர் ஆல் கோர். ஜெயித்தவர் ஜார்ஜ் புஷ். அந்த நாட்டுச் சட்டப்படி உபஜனாதிபதிதான் செனட் சபையின் அக்கிராசனர். ஜனாதிபதித் தேர்தலின் உறைகளைத் திறக்கிற வேலையும் அவருடையதே. உபஜனாதிபதியாக இருப்பவரே ஜனாதிபதி பதவிக்கு நின்று தோற்றுப் போனால், தம் தோல்வியைத் தாமே எண்ணி, தாமே உலகத்துக்கு அறிவிக்க வேண்டியதுதான். நான் ஒரு நாவலில் இப்படி ஓர் அத்தியாயம் எழுதியிருந்தால், பத்திரிகை ஆசிரியர், "கொஞ்சம் மிகையாக இருக்கிறதே, ஸார்" என்று திருப்பி அனுப்பியிருப்பார். அரசியல் சட்டம் எழுதியவர்களுக்கு ஆசிரியர் பயம் இல்லை போலும்.

இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. அதிகாரம் கைமாறுகிற அந்த நேரத்தில், ஜெயித்தவனிடம் என்ன இருக்கிறது? ஒரு காகிதம் இருக்கிறது; அதில் ஓர் எண் இருக்கிறது. ஆட்சியில் இருந்து தோற்றவனிடம் என்ன இருக்கிறது? போலீஸ், கஜானா, சர்க்கார் முத்திரை, சாவிக் கொத்து, இத்தனை வருஷம் "ஆகட்டும் ஐயா" என்று சொல்லிப் பழகிவிட்ட உத்தியோகஸ்தர்கள், எல்லாமே இருக்கின்றன. இத்தனையையும் கையில் வைத்திருப்பவன், காகிதத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு எழுந்து வழி விடுகிறான். தேர்தலை ஜெயித்தவனின் திருவிழாவாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். மாலை அவனுக்கு, வாண வேடிக்கை அவனுக்கு. உண்மையில் அன்று செய்ய வேண்டிய காரியம் ஏதாவது இருந்தால், அது தோற்றவன் செய்ய வேண்டியதுதான். அவன் ஏன் அதைச் செய்கிறான்? அதிலும், தான் தோற்கவில்லை, தன்னைத் தோற்கடித்துவிட்டார்கள் என்று மனசார நம்புகிறபோது ஏன் செய்ய வேண்டும்?

வெளியில் நின்று நியாயம் பேசுகிறவனாக நான் இதைக் கேட்கவில்லை. பதினொரு நாள் சாவியை வைத்துக்கொண்டு கொடுக்க மறுத்தவன் நான். அந்தக் கதையைச் சொல்லிவிடுவது நல்லது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. எங்கள் ஊரில் ஒரு வாசகசாலை இருந்தது. ஓட்டுக் கட்டடம்; இரண்டு பெஞ்சு; ஒரு நீள மேஜை; மூன்று பீரோ. எண்பது சொச்சம் அங்கத்தினர்கள். நாலு வருஷமாக நான் அதற்குக் காரியதரிசி. சம்பளம் கிடையாது. ஆனால் மாலையில் நான் உள்ளே நுழைந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். அந்த நகர்தல் இருக்கிறதே, அது சம்பளத்தைவிட ருசியானது. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஐந்தாவது வருஷம் ஒரு ஜவுளிக் கடைக் கணக்குப்பிள்ளை என்னை எதிர்த்து நின்றார். 'இவராவது, ஜெயிக்கவாவது!' என்று இருந்தேன். எண்ணிப் பார்த்தால் அவருக்கு 41, எனக்கு 38. எனக்குக் காது அடைத்துப் போயிற்று. உடனே மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. மூன்று மாதச் சந்தா பாக்கி வைத்தவர்களுக்கு வோட்டு இல்லை என்பது எங்கள் விதி. ஐந்து பேர் அன்று காலையில்தான் பாக்கியைக் கட்டினார்கள். அந்தப் பணம் அவர்களுடைய பணமே இல்லை, யாரோ மொத்தமாகக் கட்டியது என்று எனக்குத் தகவல். அந்த ஐந்தைக் கழித்தால் 36. நான் இரண்டு வோட்டில் ஜெயித்தவன்! எழுந்து ஆட்சேபித்தேன். அக்கிராசனம் வகித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "ரசீது கொடுத்திருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டார். கொடுத்திருந்தது. ரசீதில் கையெழுத்துப் போட்டவன் நான். "அப்படியானால் வோட்டு செல்லும்" என்றார், கூட்டம் முடிந்தது.

நான் நேரே வீட்டுக்கு வந்தேன், பீரோ சாவிகளோடும் மினிட்ஸ் புத்தகத்தோடும். யாரும் தடுக்கவில்லை. 'கேட்கட்டும், கொடுக்கலாம்' என்று சொல்லிக்கொண்டேன். அவர்கள் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை என்பது என் மனசுக்குத் தெரியும்.

பேராசையோடு அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவன் தன்னைப் பேராசைக்காரன் என்று நினைத்துக்கொள்வதில்லை. இதை அந்தப் பதினொரு நாளில் தெரிந்துகொண்டேன். நான் நியாயத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன். வாசகசாலையை மோசடிக்காரர்களிடமிருந்து பாதுகாக்கிறேன் என்று நண்பர்களிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல நம்பினேன். நாவல் எழுத வந்த பிறகு, என் வில்லன்கள் யாரும் 'நான் கெட்டவன்' என்று பேசாமல் இருப்பதற்கு அந்த அனுபவம் ஒரு காரணம்.

நம்முடைய புராண இதிகாசங்களில் பதவியை விட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. தகப்பன் வாக்குக்காக முடியை விட்டு வனம் போனான் ராமன். வந்த ராஜ்யத்தை வேண்டாம் என்று பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்தான் பரதன். தகப்பனின் கல்யாணத்துக்காகப் பட்டத்தையும் இல்லறத்தையும் சேர்த்துத் தத்தம் செய்தார் பீஷ்மர். அண்ணன் இருக்கத் தம்பிக்கு அரசு என்று நிமித்திகன் சொன்னதும் துறவு பூண்டார் இளங்கோ. கேட்கும்போதே கண் கலங்குகிறது. ஆனால் இவர்களில் ஒருவராவது எண்ணிக்கையில் தோற்று விட்டவர் இல்லை. எல்லோரும் தங்களுடையதைக் கொடுத்தவர்கள்.

எண்ணிக்கையில் தோற்றவன் கதை ஒன்று மகாபாரதத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் வனவாசம், ஒரு வருஷம் அஞ்ஞாதவாசம்; அது முடிந்தால் பாண்டவர்களுக்கு ராஜ்யத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விராட நகரத்தில் அர்ஜுனன் வில்லோடு வெளிப்பட்டதும் துரியோதனன் என்ன சொன்னான்? "பதின்மூன்றாவது வருஷம் இன்னும் முடியவில்லை" என்றான். அதாவது, கணக்குத் தப்பு! பீஷ்மர், ஐந்து வருஷத்துக்கு இரண்டு மாதம் அதிகம் வருகிறது என்று சந்திர மானக் கணக்கை எடுத்துச் சொல்லி, கெடு முடிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். சொன்னவர் துரியோதனன் கட்சிக்காரர். அவனுக்காகச் சண்டை போடவே வில்லோடு வந்து நின்றவர். அவன் கேட்கவில்லை. பாக்கிக் கதை நமக்குத் தெரியும். பாரத யுத்தத்துக்கு மண்ணாசை, சூதாட்டம், திரௌபதியின் சபதம் என்று எத்தனையோ காரணம் சொல்கிறோம். ஒரு கூட்டல் கணக்கைத் தோற்றவன் ஒப்புக்கொள்ளாததும் ஒரு காரணம் என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே, திருப்பிக் கொடுக்க மறுத்தவன் கதை நம்மிடம் இருக்கிறது. தியாகம் செய்தவன் கதையும் இருக்கிறது. தோற்று, மனம் கசந்து, இருந்தும் திருப்பிக் கொடுத்தவன் கதைதான் இல்லை. அதனாலேயே நாம் அவனை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறோம். 1963-இல் காமராஜர் முதல் மந்திரி பதவியைத் தாமாகவே விட்டுக் கட்சி வேலைக்குப் போனார். அதை இன்றும் மேடைதோறும் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். 1967-இல் அதே மனிதர் தம் சொந்த ஊரான விருதுநகரில் மாணவர் தலைவராக இருந்த சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 வோட்டில் தோற்றார். இரண்டு பிரதம மந்திரிகளைத் தேர்ந்தெடுப்பதில் முக்கியப் பங்கு வகித்தவர் அவர். முதல் மந்திரி பக்தவத்சலமும் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். இருபது வருஷம் ஆண்ட கட்சி கோட்டையை விட்டு வெளியே வந்தது. மார்ச் 6-ஆம் தேதி அண்ணாதுரை பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். ஒரு கோப்பு எரியவில்லை, ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. 1963-ஐப் பெருமையோடு சொல்கிற நாம் 1967-ஐ அனுதாபத்தோடு சொல்கிறோம். எனக்கென்னவோ இரண்டாவதுதான் கடினமானதாகத் தோன்றுகிறது. தானாகக் கொடுக்கிறவனுக்குக் 'கொடுத்தேன்' என்ற திருப்தியாவது மிஞ்சும். தோற்றவனுக்கு அதுவும் இல்லை. அவன் கொடுப்பது அவனுடையது இல்லையே! பக்கத்து வீட்டில் வாங்கி வந்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 'தானம் செய்தேன்' என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

எங்கள் வீட்டில் இதைத்தான் அப்பா சொன்னார். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, கூடத்தில் ஆணியில் தொங்கிய சாவிகளைப் பார்த்து, "ஏண்டா, அது நம்ம வீட்டுச் சாவியா?" என்றார். "இல்லை அப்பா, ஆனால் நியாயம் என்று ஒன்று..." என்று ஆரம்பித்தேன். "நான் நியாயத்தைக் கேட்கலே. யார் வீட்டுச் சாவின்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அப்பா அவ்வளவு சுலபமாக முடித்துவிட்டார். விஷயம் அவ்வளவு சுலபமா? மறுபடியும் ஆல் கோரிடம் வருவோம்.

நாடு முழுவதும் எண்ணிப் பார்த்தால் அவருக்குத்தான் ஐந்து லட்சத்துக்கு மேல் அதிக வோட்டு. ஆனால் அங்கே மாகாணவாரியாகப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வோட்டைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் எல்லாம் ஃப்ளோரிடா என்ற ஒரே மாகாணத்தில் வந்து நின்றது. அங்கே பதிவானவை சுமார் அறுபது லட்சம் வோட்டு; வித்தியாசம் 537. திரும்ப எண்ண வேண்டும் என்று அவர் வழக்காடினார். முப்பத்தாறு நாள் விடவில்லை. டிசம்பர் 12-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஐந்து நீதிபதிகளுக்கு நான்கு நீதிபதிகள் என்ற கணக்கில் எண்ணிக்கையை நிறுத்திவிட்டது. மறுநாள் இரவு அவர் ஜனங்களிடம் பேசினார். கோர்ட்டின் தீர்ப்பு தமக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை என்றார். ஆனால் அதை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

'சம்மதமில்லை, ஆனால் ஏற்றுக்கொள்கிறேன்.' இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதே, அதுதான் என்னை வியக்க வைக்கிறது. நான் அந்தப் பதினொரு நாளும் இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாமல்தான் கிடந்தேன். சாவியைக் கொடுத்தால் அந்த ஐந்து வோட்டும் நியாயமானவை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே என்று என் பயம். கொடுப்பது வேறு, ஒப்புக்கொள்வது வேறு என்று அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

ஆனால், ஜனவரி 6-ஆம் தேதி நடந்ததில் இன்னொரு பாதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். உறைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது பிரதிநிதி சபையைச் சேர்ந்த சிலர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஃப்ளோரிடாவின் வோட்டை ஆட்சேபித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பு இனத்தவர். ஆட்சேபணை எழுத்தில் இருக்க வேண்டும். அதில் ஒரு செனட் அங்கத்தினரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. செனட் சபையில் ஒருவர்கூடக் கையெழுத்திட முன்வரவில்லை. ஆல் கோரின் சொந்தக் கட்சியிலும் இல்லை. யாருக்காக ஆட்சேபணை எழுப்பப்பட்டதோ அவரே சுத்தியலைத் தட்டி அதைத் தள்ளுபடி செய்தார். ஒரு பெண் அங்கத்தினர், செனட்டர் கையெழுத்து இல்லாததைப் பற்றித் தமக்குக் கவலை இல்லை என்றார். ஆசனத்தில் இருந்தவர், விதிக்குக் கவலை உண்டு என்று பதில் சொன்னார். சபையில் சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன.

எழுந்து நின்றவர்கள் ஆல் கோருக்குப் பதவி வாங்கித் தர மட்டுமா எழுந்தார்கள்? ஃப்ளோரிடாவில் செல்லாதவை என்று தள்ளப்பட்ட வோட்டுகளில் கறுப்பு இனத்தவருடைய வோட்டுகள் விகிதத்துக்கு மிஞ்சி இருந்தன என்று அதே வருஷம் அந்த நாட்டுச் சிவில் உரிமைக் கமிஷன் விசாரித்துச் சொன்னது. எத்தனையோ தலைமுறை அடிமையாக இருந்து, பிறகும் வோட்டுரிமைக்காக அடிபட்ட ஜனங்கள். அவர்களுடைய கேள்விக்கு அன்று கிடைத்த பதில், 'கையெழுத்து இல்லை' என்பது. தோற்றவர் தமக்கு உரியதை விட்டுக்கொடுத்தால் அதைப் பெருந்தன்மை என்போம். மற்றவர்களுக்கு உரியதையும் சேர்த்து விட்டுக்கொடுத்தால் அதற்கு என்ன பெயர்?

வெகு நாள் யோசித்தும் இதற்கு எனக்கு முழுத் திருப்தியான விடை கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. அந்த ஜனங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றி விசாரிக்க வேண்டும், சட்டம் திருத்த வேண்டும், அடுத்த தேர்தலில் அதைச் சொல்லியே வோட்டுக் கேட்க வேண்டும். ஆனால் அதற்கு நீதிபதியாக இருக்கத் தகுதியே இல்லாத ஒரு மனிதர் இந்த உலகத்தில் உண்டு என்றால், அவர் அந்த ஆசனத்தில் இருந்தவர்தான். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இருந்தால் அவர் ஜனாதிபதி ஆகிவிடுவாரே! அநீதியைத் தீர்க்கிறேன் என்று அவர் அன்று சுத்தியலை வேறு விதமாகத் தட்டியிருந்தால், நாளைக்கு அநீதியே செய்கிறவனும் அதே சுத்தியலை அதே காரணம் சொல்லித் தட்டுவான். இது எழுந்து நின்றவர்களுக்கு ஆறுதலாகாது. அவர்கள் கொடுத்த விலையைக் குறைத்துச் சொல்லவும் நான் தயாராக இல்லை.

இப்படி ஆசனத்தில் உட்கார்ந்து தம் தோல்வியை எண்ணியவர்களில் எல்லோரும் உத்தமர்கள் இல்லை என்பதும் ஒரு வேடிக்கை. 1961-இல் அதே ஜனவரி 6-ஆம் தேதி ரிச்சர்ட் நிக்ஸன் கென்னடியின் வெற்றியை எண்ணினார். நாடு முழுவதும் சேர்த்து ஒரு லட்சத்துச் சொச்சம் வோட்டு வித்தியாசத்தில் தோற்றிருந்தார். ஹவாய் மாகாணத்திலிருந்து உறைகள் ஒன்றுக்கொன்று முரணாக வந்திருந்தன. முதலில் நிக்ஸன் ஜெயித்ததாகச் சொல்லியிருந்தார்கள். திரும்ப எண்ணிப் பார்த்ததில் 115 வோட்டில் கென்னடி ஜெயித்திருந்தார். எந்த உறையை எடுப்பது? 'இதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, கென்னடிக்குச் சாதகமான உறையை எண்ணும்படி அவரே ஏற்பாடு செய்தார். இதே நிக்ஸன்தான் பிற்பாடு ஜனாதிபதியாகி, வாட்டர்கேட் ஊழலில் சிக்கி, 1974-இல் ராஜினாமா செய்தவர். மனிதர்களை ஒரே மையினால் எழுத முடிவதில்லை.

மரியாதையாக நடந்துகொள்வதும் ஒரு நிபந்தனை இல்லை. 1801-இல் தாமஸ் ஜெஃபர்ஸனிடம் தோற்ற ஜான் ஆடம்ஸ், பதவியேற்பு விழாவைப் பார்க்கச் சகிக்காமல் அன்று விடியற்காலை நாலு மணிக்குக் கோச்சு வண்டி ஏறி ஊருக்குப் போய்விட்டார். கை குலுக்கவில்லை, வாழ்த்தவில்லை. ஆனால் மாளிகையைக் காலி செய்துவிட்டுத்தான் வண்டி ஏறினார். ஒரு கட்சியிடமிருந்து எதிர்க்கட்சிக்கு அந்த நாட்டில் அதிகாரம் கைமாறியது அதுதான் முதல் தடவை. அவருடைய முகச்சுளிப்பில் எனக்கு ஒரு தனி ஆறுதல் உண்டு. சிரித்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பல வருஷங்களுக்குப் பிறகு இருவரும் கடிதம் எழுதிச் சிநேகமாகி, 1826-இல் ஒரே நாளில் இறந்துபோனார்கள். அந்த நாள் ஜூலை 4, அவர்கள் நாட்டுச் சுதந்திர தினம். இதையும் ஒரு நாவலில் எழுத முடியாது.

220 வருஷம் கழித்து, 2021 ஜனவரி 20-ஆம் தேதி, டொனால்ட் டிரம்பும் விழாவுக்கு நில்லாமல் காலையிலேயே தலைநகரை விட்டுப் போனார். பார்வைக்கு ஆடம்ஸ் செய்ததைப் போலவே இருக்கும். ஆனால் ஆடம்ஸ் எண்ணிக்கையே பொய் என்று சொல்லவில்லை. டிரம்ப் தரப்பில் போட்ட வழக்குகள் அறுபதுக்கு மேல். ஏறக்குறைய எல்லாவற்றிலும் தோல்வி. அதுவரைக்கும் அவர் செய்ததில் தப்பில்லை. ஆல் கோரும் கோர்ட்டுக்குப் போனவர்தான். கோர்ட் முடிந்த இடத்தில் மற்றவர் நின்றார், இவர் நிற்கவில்லை. 2021 ஜனவரி 6-ஆம் தேதி உறைகளை எண்ணுகிற நேரத்தில் ஜனக்கூட்டம் சபைக் கட்டடத்துக்குள் புகுந்தது. ஆசனத்தில் இருந்தவர் உபஜனாதிபதி மைக் பென்ஸ். டிரம்புடன் சேர்ந்து போட்டியிட்டுத் தாமும் தோற்றவர். உறைகளை ஒதுக்கும்படி தலைவர் பகிரங்கமாகவே கேட்டார். தமக்கு அந்த அதிகாரம் இல்லை என்று பென்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டார். இரவு சபை மறுபடி கூடி, பின்னிரவு தாண்டி எண்ணி முடித்தது: ஜோ பைடனுக்கு 306, டிரம்புக்கு 232. பீஷ்மருடைய கணக்கு நினைவுக்கு வருகிறது. பீஷ்மர் சரியாகக் கணக்குச் சொல்லிவிட்டு அப்புறம் தப்பான பக்கத்துக்காக வில்லை எடுத்தார். இவர் கணக்கோடு நின்றார்.

2025 ஜனவரி 6-ஆம் தேதி அதே ஆசனத்தில் கமலா ஹாரிஸ். டிரம்புக்கு 312, தமக்கு 226 என்று அவரே வாசித்தார். ஓர் ஆட்சேபணை இல்லை; ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பத்திரிகைகளில் அதற்குப் பெரிய தலைப்புக் கிடைக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

நம் தேசத்திலும் ஒரே மனிதர் இரண்டு விதமாகவும் நடந்துகொண்டதைப் பார்த்திருக்கிறோம். 1975 ஜூன் 12-ஆம் தேதி அலகாபாத் ஹைகோர்ட் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றது. சுப்ரீம் கோர்ட்டில் நிபந்தனையோடு தடையுத்தரவு வாங்கினார். மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். இருபத்தொரு மாதம். பிறகு அவரே தேர்தல் வைத்தார். 1977 மார்ச்சில், அலகாபாத்தில் வழக்குப் போட்ட அதே ராஜ் நாராயணிடம் ரே பரேலியில் 55,202 வோட்டில் தோற்றார். மார்ச் 21-ஆம் தேதி நெருக்கடி நிலை ரத்தாயிற்று. 22-ஆம் தேதி ராஜினாமா. 24-ஆம் தேதி, அவர் சிறையில் வைத்திருந்த மொரார்ஜி தேசாய் பிரதம மந்திரி. முதல் தடவை சாவியைக் கொடுக்காததை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மன்னிக்க நான் யார்? சிறையில் இருந்தவர்கள் சொல்ல வேண்டியது அது. ஆனால் இரண்டாம் தடவை கொடுத்ததைக் கணக்கில் வரவு வைக்காமல் இருப்பதும் சரியில்லை. ராணுவமும் போலீசும் அவர் கையில்தானே இருந்தன?

கணக்கு என்றதும் உத்தரமேரூர் ஞாபகம் வருகிறது. ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்னால், பராந்தக சோழன் காலத்தில், அந்த ஊரார் குடவோலை முறையை விவரமாகக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அது எல்லோருக்கும் உரிமை இருந்த ஜனநாயகம் இல்லை. நிலமும் படிப்பும் உள்ள ஒரு சிலருக்கு மட்டும் உரியது. போகட்டும். வாரியத்தில் இருப்பவர் 360 நாள் ஆனதும் விலக வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரையோ அவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயரையோ குடத்தில் போடவே கூடாது. திருடியவனுக்கும் பாதகம் செய்தவனுக்கும் என்ன விலக்கோ, கணக்கை ஒப்படைக்காதவனுக்கும் அதே விலக்கு! முதல் முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மினிட்ஸ் புத்தகம் பதினொரு நாள் என் தலையணைக்குப் பக்கத்தில் இருந்ததல்லவா?

அந்தப் பதினொரு நாளும் வாசகசாலை திறந்துதான் இருந்தது. பத்திரிகைகள் மேஜையில் கிடந்தன. பீரோக்கள் மட்டும் பூட்டிக் கிடந்தன. வாரம் ஒரு நாவல் எடுத்துப் போகிற ஓர் அம்மாள், எட்டாம் நாளோ என்னவோ, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "அங்கே பீரோ பூட்டியிருக்கு தம்பி. சாவி உங்ககிட்டே இருக்குன்னாங்க. இதோட இரண்டாம் பாகம் இருந்தா எடுத்துக் கொடுங்களேன்" என்றார். அவருக்கு 41-ம் தெரியாது, 38-ம் தெரியாது. பெண்கள் அந்த வாசகசாலையில் அங்கத்தினர்களே இல்லை. கணவர் பேரில் எடுத்துப் போவார். நான் என்ன சொல்லி அவரை அனுப்பினேன் என்று நினைவில்லை. ஏதோ பொய்தான் சொல்லியிருப்பேன்.

அதற்கு மூன்றாம் நாள் மாலை போனேன். கணக்குப்பிள்ளை மேஜையருகே பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சாவிகளை மேஜைமேல் வைத்தேன்; புத்தகத்தையும் வைத்தேன். அவர் சாவிகளை எடுத்துக்கொண்டு புத்தகத்தை என் பக்கமே நகர்த்தினார்.

"அன்றைக்குக் கூட்டத்து நடவடிக்கையை இன்னும் எழுதவில்லையே, ஸார். அந்தக் கூட்டம் முடிகிற வரைக்கும் நீங்கள்தானே காரியதரிசி? நீங்கள்தான் எழுத வேண்டும்" என்றார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, கணக்கு எழுதுகிறவர் முகம் அது. பேனாவை எடுத்தேன். அவர் பெயரை எழுதி 41 என்று போட்டேன். என் பெயரை எழுதி 38 என்று போட்டேன். என் கையெழுத்து அத்தனை கோணலாக இருந்து நான் பார்த்ததில்லை.

"அந்த ஐந்து வோட்டைப் பற்றி நான் ஆட்சேபித்தேன். அதையும் எழுதலாமா?" என்றேன்.

"நடந்ததுதானே? எழுதுங்கள்."

எழுதினேன். அக்கிராசனர் அதைத் தள்ளியதையும் எழுதினேன். அவர் படித்துப் பார்த்து மை உறிஞ்சும் தாளை வைத்து ஒற்றினார். பிறகு நடுப் பீரோவைத் திறக்கப் போனார். சாவி சுற்றவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கதவைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும்" என்றேன்.

தூக்கிப் பிடித்தார். திறந்துகொண்டது. அந்த அம்மாள் கேட்ட இரண்டாம் பாகம் மூன்றாவது தட்டில் இருந்தது.